கொடைக்கு ஒரு நாள் லீவு

அந்த வருஷம் நாகமணிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கேஷுவல் லீவுதான். டிசம்பர் முப்பத்தொண்ணு தாண்டினால் அதுவும் செல்லாது. மற்ற லீவெல்லாம் எங்கே போயின என்று அவளிடம் கேட்டுவிடாதீர்கள், அழுதுவிடுவாள். அம்மாவின் காய்ச்சலுக்குப் பாதி, அத்தை வீட்டுக் கல்யாணம், மாமா வீட்டுக் காதுகுத்து என்று மீதி. தனக்கென்று ஒரு நாள் எடுத்ததே கிடையாது. இந்த ஒன்றையாவது தன் இஷ்டத்துக்குச் செலவழிப்பது என்று ஐப்பசியிலேயே முடிவுகட்டி, யார் கண்ணிலும் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

வருஷம் எழுபத்தெட்டு. நாகமணி மதுரையில் டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர். வெளியூருக்கு யார் பேசினாலும் இவளை மாதிரிப் பெண்கள் கைபட்டுத்தான் போகும். காதில் ஹெட்செட், எதிரே ஓட்டை ஓட்டையாக ஒரு போர்டு, ஒவ்வொரு ஓட்டைக்கு மேலேயும் ஊர் பெயர் எழுதி ஒட்டின சீட்டு. வயரை எடுத்து அதில் குத்தினால் அந்த ஊர் ஆபரேட்டர் வருவார். ஒரு டிரங்க் கால் மூணு நிமிஷக் கணக்கு; அது முடிந்ததும் ஆபரேட்டர்தான் குறுக்கே வந்து சொல்லவேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, எதிராளி பெயரைக் கேட்கவும் கூடாது; அது ரூல். அதனால் ஊர் பெயர்தான் ஆள் பெயர். “என்ன விருதுநகர், சாப்டாச்சா?” “திருச்சி இன்னிக்கு எரிஞ்சு எரிஞ்சு விழுறாரு, வீட்டுல சண்டை போல.” வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பத்து நாளில் அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

நாகமணிக்கு நெருக்கமான ஆள் கொடை. கொடைக்கானல் என்று சீட்டு ஒட்டின ஓட்டையில் குத்தினால் வருகிற பெண் குரல். கொஞ்சம் கட்டை, கொஞ்சம் கிண்டல். நாலு வருஷப் பழக்கம். நின்று பேச ஏது நேரம்? ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் கிடைக்கிற அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷங்களில் நாகமணி அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் கொட்டியிருக்கிறாள். போன தை மாசம் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், பெண் ராத்திரி டூட்டி பார்க்கிறாளாமே என்று சொல்லி விட்டுவிட்டபோது, “விட்டுத் தள்ளு மதுரை. நீ அவங்க வீட்டுக்குப் போயி ராத்திரி முழிச்சிருந்து கொசு அடிக்கிறதுக்கு, இங்க முழிச்சிருந்தா சம்பளமாவது வரும்” என்று சொன்னது கொடைதான். அன்றைக்கு அழுதுகொண்டிருந்தவள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். பின்னாலேயே நடந்துகொண்டிருந்த சூப்பர்வைசர் வாலாம்பாள், “என்னடி அங்க சிரிப்பு?” என்று அதட்டினாள்.

இப்படி இருக்கிறபோதுதான் ஆபீஸ் கிளார்க் ராஜாராமன் டூர் போட்டார். வருஷா வருஷம் அவர் போடுகிற டூர்தான். கொடைக்கானலுக்கு ஒரே நாள். காலையில் அஞ்சு மணிக்குக் காளவாசலில் வேன், ராத்திரிக்குள் வீடு. டிசம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை. மதுரைக்காரர்களுக்கு இதுதானே பெரிய உல்லாசம்! நாகமணிக்கு அந்த ஞாயிறு டூட்டி. போகவேண்டுமானால் பொத்தி வைத்த லீவை எடுக்கவேண்டும். அம்மா ரெங்கம்மாளோ, அதே ஞாயிறு மேலூர்ச் சித்தி வீட்டுப் பால்காய்ச்சுக்கு இவளும் வந்தாகவேண்டும் என்று திருப்பரங்குன்றத்து வீட்டில் தினமும் ஓதிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு லீவு. அதைக் கொண்டுபோய்க் கொடையில் போடலாமா, வேண்டாமா? நாகமணி லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. போய்விட்டு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள்.

“அதை ஏன் கேக்கறே, சொர்க்கம்டி!” என்றாள் வாலாம்பாள்.

“என்ன மேடம் பாத்தீங்க?”

“ஒண்ணும் தெரியல. ஒரே மேகம். பக்கத்துல நின்ன எங்காத்துக்காரரே தெரியலன்னா பாத்துக்கோயேன்.”

“அப்புறம் எப்படி மேடம் சொர்க்கம்?”

“அவ்வளவு தூரம் போயிட்டு வந்துட்டு வேற என்னடி சொல்லச் சொல்றே?”

ராஜாராமன் ஆறு தடவை போனவர். எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள் என்று வருஷ வாரியாகச் சொன்னார். ஏரி பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால், “அங்கிட்டு… இறக்கத்துல… அதெல்லாம் வேன்காரன் கொண்டுபோய் விட்டுருவான்மா” என்றார். கேட்ட அத்தனை பேரும் ‘சூப்பர்’ என்றார்கள். அத்தனை பேர் வீட்டிலும் சாட்சிக்கு ஒரு யூகலிப்டஸ் தைல பாட்டில் இருந்தது. என்ன பார்த்தீர்கள் என்றால் மட்டும் முழித்தார்கள். அட, இதென்ன கூத்து என்றிருந்தது நாகமணிக்கு.

ஊர்க்காரியையே கேட்டுவிட்டால் என்ன?

“கொடை, ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு டூர் போடுறாங்க. வரலாமா? ஒரே ஒரு லீவுதான் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க.”

லைனில் எப்போதும் பின்னால் கேட்கிற டக்கு டக்கு சத்தம் இன்றைக்கும் கேட்டது.

“இப்ப வராத மதுரை. மலை பூரா மூடிக் கிடக்கு. வந்தா ஒண்ணும் தெரியாது.”

சரி, இதுவாவது உண்மையைச் சொல்கிறதே என்று நினைத்தாள். அரை மணி நேரம் கழித்துக் கொடையிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் மதுரைக்குக் கால் கேட்டார். இவள் வாய் சும்மா இருக்குமா? “சார், அங்க மூட்டமா இருக்கா?” என்றாள். “மூட்டமா? வெயில் பளீர்னு அடிக்குதும்மா, கண்ணைத் தொறக்க முடியல.”

மறுநாளும் கேட்டாள். மூடிக் கிடக்கு என்றது கொடை. வெயில் என்றார் ஹோட்டல்காரர். மூன்றாம் நாளும் அப்படியே. இன்னொன்றும் இப்போது உறைத்தது. அந்த டக்கு டக்கு, ஃபேன் சத்தம் இல்லையோ? கொடைக்கானலில் எந்தப் பைத்தியக்காரி ஃபேன் போடுவாள்? “அது என்ன சத்தம் கொடை?” என்று கேட்டதற்கு, “மிஷின்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது.

நாகமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஏரி, பாறை, அருவி எல்லாம் மனசைவிட்டே போய்விட்டன. கொடை ஏன் என்னை வரவேண்டாம் என்கிறது? நாலு வருஷம் பேசினவளை நேரில் பார்க்க ஒருத்திக்குப் பிடிக்காமல் போகுமா? லைனில் பேசினதெல்லாம் சும்மா பொழுதுபோக்குத்தானா? ஒரு லீவு போனால் அடுத்த வருஷம் பன்னிரண்டு வரும். இது தெரியாமல் இனிமேல் அந்த ஓட்டையில் வயரைக் குத்த அவளால் முடியாது.

“நான் கொடைக்குப் போறேன்” என்றாள் வீட்டில்.

ரெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள். “கூடப் பொறந்தவ வீடு கட்டிப் பால் காய்ச்சுறா. நீ மலையைப் பாக்கப் போறியா? திருப்பரங்குன்றத்துல வாசலைத் தொறந்தா மலைதானடி நிக்குது! இது பத்தாதா உனக்கு?”

“அது வேற மலைம்மா.”

“எம்புட்டுத் திமிரு!” என்றாள் அம்மா. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

ஞாயிறு காலை வேன் கிளம்பியது. பதினாலு பேர், ரெண்டு கூடை இட்லி, வாந்திக்கென்று ஆளுக்கு ரெண்டு எலுமிச்சம்பழம். செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி ஏழே முக்காலுக்கு வத்தலக்குண்டு. மலை ஏறுவதற்கு முன்னால் காபிக்குப் பதினைந்து நிமிஷம் என்றார் ராஜாராமன். மேற்கே மலை நின்றது. இடுப்புக்கு மேல் ஒரே மேகம்.

திடுதிப்பென்று போய் நின்றால் கொடை என்ன நினைக்குமோ என்று நாகமணி யோசித்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறேன், அரக்குச் சேலை கட்டியிருக்கிறேன் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே! போஸ்ட் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் எக்ஸ்சேஞ்ச் இருப்பதாகக் காபிக் கடைக்காரர் கைகாட்டினார். டிபார்ட்மெண்ட் ஆள்தானே, கேட்டால் லைன் தராமலா போவார்கள்? பாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒற்றை அறை. சின்ன போர்டு. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு அம்மாள், நாற்பத்தஞ்சு வயசிருக்கும், உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் ஒரு ஃபேன் டக்கு டக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க மதுரை. கொடை நாப்பத்திரெண்டா? லைன்ல இருங்க” என்றாள் அந்த அம்மாள். இன்னொரு வயரைக் குத்தி, “ஹலோ, மேல! நாப்பத்திரெண்டு குடுங்க, மதுரை பேசுது” என்றாள்.

நாகமணி வாசலிலேயே நின்றுவிட்டாள். காது பொய் சொல்லுமா? நாலு வருஷமாகக் கேட்ட குரல்.

“கொடை?” என்றாள்.

அந்த முதுகு நிமிர்ந்தது. ஆள் சட்டென்று திரும்பவில்லை. ஹெட்செட்டை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத்தான் திரும்பினாள். முகம் வேர்த்திருந்தது.

“மதுரையா?”

“நீங்க வத்தலக்குண்டா?”

“ஆமா.”

“நாலு வருஷம்!” என்று வெடித்தாள் நாகமணி. “நாலு வருஷமா கொடை கொடைன்னு கூப்புடுறேன். ஒரு நாளாவது நான் கொடை இல்லைன்னு சொன்னீங்களா? இதுல மலை மூடிக் கிடக்குன்னு பொய் வேற!”

“பொய் சொல்லல. அந்த ஜன்னல்ல பாரு. இங்கிருந்து பாத்தா மூடித்தான கிடக்கு? தினமும் பாத்துட்டுத்தான் சொன்னேன்.” அதற்குள் போர்டில் மணி அடித்தது. “இரு” என்று திரும்பி, “சொல்லுங்க நிலக்கோட்டை” என்று லைன் கொடுத்துவிட்டு மறுபடி வந்தாள். “மேல போற நேர் லைன் ஒரு மழையில அறுந்துபோச்சு. அதுல இருந்து மதுரைல கொடைன்னு குத்தினா எங்கிட்டதான் வரும். உங்க போர்டுல சீட்டை மாத்தல போல. நீ வேலைக்கு வந்த மொத நாளு, ‘வணக்கம் கொடை’ன்ன. சொல்லத்தான் நெனச்சேன். கால் வந்துருச்சு. மறுநாளும் கொடைன்ன. எனக்கு… நல்லா இருந்துச்சு.”

“என்ன நல்லா இருந்துச்சு?”

“நீ கூப்புட்டது. என் பேரு சுந்தரவல்லி. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. டெலிபோன்காரம்மான்னுதான் கூப்புடுவாங்க. மத்த ஊர்க்காரங்க ‘ஏ வத்தலக்குண்டு, தூங்குறியா’ம்பாங்க. இந்த வெக்கையில, ஃபேனை நிறுத்தினா மறுபடி ஓடாதுன்னு பயந்து நிறுத்தாம உக்காந்திருக்கிறவளை, ஒருத்தி மட்டும் ‘என்ன கொடை, குளிருதா?’ன்னு கேட்டா எப்படி இருக்கும்? நீ மேல போயி, எக்ஸ்சேஞ்சுல நின்னு, அப்படி ஒருத்தி இங்க இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா அசிங்கமாப் போயிருமே. அதுக்கப்புறம் நீ எங்கிட்டப் பேசுவியா? அதான் வராதன்னேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் மேல போனதே இல்ல மதுரை. எல்லாப் பஸ்ஸும் இந்த வழியாத்தான் போகுது.”

நாகமணிக்குக் கோபம் இன்னும் பாக்கி இருந்தது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சந்தில் ஹார்ன் சத்தம். ராஜாராமன் மூச்சு வாங்க ஓடி வந்தார். “என்னம்மா நாகமணி, வண்டியில எல்லாரும் காத்துக்கிட்டுக் கிடக்காங்க. லேட்டா போனா வேன்காரன் அருவியைக் கட் பண்ணிருவான்.”

“போ மதுரை” என்றாள் சுந்தரவல்லி. “லீவு போட்டு இம்புட்டுத் தூரம் வந்துட்ட. நான் எங்க போகப்போறேன், நாளைக்கு லைன்ல இருப்பேன்ல?”

சொல்லிவிட்டாளே தவிர, பார்வை தரையில் இருந்தது. நாகமணிக்குத் தெரிந்துவிட்டது. இப்போது வேனில் ஏறினால் நாளைக்கு லைனில் ஆள் இருக்கும், கொடை இருக்காது. ‘நம்பர் சொல்லுங்க மதுரை’, ‘மூணு நிமிஷம் ஆச்சு மதுரை’ என்பதோடு பேச்சு முடிந்துபோகும். இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்கும். கூச்சம் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்காது.

“நீங்க போங்கண்ணே. சாயங்காலம் இறங்கும்போது என்னை ஏத்திக்கோங்க.”

“அடக் கொடுமையே! லீவைப் போட்டுட்டு வத்தலக்குண்டுல என்னம்மா பாக்கப்போற?”

“இங்க ஆள் இருக்காங்கண்ணே.”

ராஜாராமன் தலையில் அடித்துக்கொண்டு போனார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. நாகமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாப்டீங்களா?”

“ஆறு மணிக்கு வந்தேன். ரெண்டு மணிக்குத்தான் எந்திரிக்க முடியும். மாத்திவிட ஆள் இல்ல.”

“நான் இருக்கேன்ல? எந்திரிங்க. போயிச் சாப்ட்டுட்டு எனக்கும் ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க.”

பொத்திப் பொத்தி வைத்த லீவை எடுத்து, அறுபது கிலோமீட்டர் வந்து, இன்னொரு போர்டில் உட்கார்ந்து டூட்டி பார்த்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஹெட்செட்டை மாட்டின மறு நிமிஷம் மதுரை லைன் அடித்தது. இவள் லீவு போட்டதால் இவள் இடத்தில் சாட்சாத் வாலாம்பாளே உட்கார்ந்திருந்தாள்.

“ஹலோ, கொடையா?”

நாகமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “சொல்லுங்க மதுரை” என்றாள்.

“பதினெட்டு வேணும். ஆமா, அங்க எப்படி இருக்கு? எங்க ஆபீஸ் பொண்ணுங்கள்லாம் டூர் வந்துண்டிருக்கா. மூட்டமா என்ன?”

நாகமணி எட்டி ஜன்னலைப் பார்த்தாள். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது.

“மூடித்தான் கிடக்கு” என்றாள்.

“அச்சச்சோ, பாவம்” என்றாள் வாலாம்பாள்.

சுந்தரவல்லி இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ரெண்டு மணிக்கு டூட்டி மாறி, சுந்தரவல்லி வீட்டுக்குப் போனார்கள். பின்கட்டில் ரெண்டே அறை. அங்கேதான் வேடிக்கை. இத்தனை நேரம் கிடைத்தும் பேச வரவில்லை. அரை நிமிஷம் பேசுவார்கள், அடுத்த மணி அடிக்கப்போகிற மாதிரி ரெண்டு பேரும் நிறுத்திவிடுவார்கள். முகத்தைப் பார்த்தால் யாரோ அந்நியம் மாதிரி இருந்தது. கடைசியில் சுந்தரவல்லி, “நீ அந்தப் பக்கம் திரும்பிக்க மதுரை” என்றாள். தானும் சுவரைப் பார்க்கத் திரும்பிக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். முதுகோடு முதுகு. பிறகு வந்தது பாருங்கள் பேச்சு! செத்துப்போன புருஷன், ஓசூரில் வேலை பார்க்கிற மகன், அவன் போடாத கடிதாசி, நாகமணியை விட்டுப்போன மாப்பிள்ளைகள், வரப்போகிற டிபார்ட்மெண்ட் டெஸ்ட், வாங்கவேண்டிய புடவை. குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. மூணு நிமிஷம் ஆச்சு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஆறரை மணிக்கு வேன் இறங்கி வந்தது. ஆளுக்கொரு தைல பாட்டில், கட்டுக்கட்டாகக் கேரட். எலுமிச்சம்பழமெல்லாம் தீர்ந்துபோய், பாதிப் பேர் துவண்டு கிடந்தார்கள்.

“என்னண்ணே பாத்தீங்க?”

“ஒண்ணும் தெரியலம்மா. ஒரே மூட்டம்” என்றார் ராஜாராமன். “ஆனா சூப்பர்.”

மறுநாள் காலை ரெங்கம்மாள் மேலூரிலிருந்து வந்தாள். பால்காய்ச்சுப் பாயசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து மகளுக்கு முன்னால் நங்கென்று வைத்தாள். நாகமணி டூட்டிக்குக் கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கேட்காமல் இருக்கமுடியுமா அம்மாவால்?

“பெத்தவ பேச்சைத் தட்டிட்டுப் போனியே. எப்படி இருந்துச்சு உன் கொடை?”

“நல்லா இருந்தாங்கம்மா” என்றாள் நாகமணி. “சர்க்கரை வியாதி இருக்காம். காபிக்குச் சீனியே போட்டுக்கல.”

ரெங்கம்மாள் தூக்குவாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். “ஊருக்கு எங்கிட்டுடி சர்க்கரை வியாதி வரும்?”

எட்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாகமணி பாயசத்தை நின்றுகொண்டே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “வாரேன்மா” என்று படியிறங்கினாள்.